கேட்டவன்

ஃபுஜைராவின் பழைய இரும்பு யார்டில்
உடைத்த கப்பலோடு வந்த பெட்டி அது.
எடை போட்டால் ஒன்றரைக் கிலோ.
எடை போடவில்லை.

பேசும் விசையை அன்றைக்கே பிடுங்கி
தகரக் கொட்டகைக்குப் பின்னால் மணலில் புதைத்தேன்.
பேசினால் முழுக் குற்றம்,
கேட்டால் அரை
என்பது என் சொந்தக் கணக்கு.
பலூச்சி முதலாளி ஹம்மல் சொன்னார்:
"சட்டத்துக்கு அரைக்கால் தெரியாது.
லைசென்ஸ் இருக்கா, இல்லையா."
சொல்லிவிட்டு, நாளைக்குக் காற்று எப்படி என்று
என்னிடம்தான் விசாரித்தார்.

இரவு ஒரு மணிக்குப் பதினாறாம் சேனல்.
நங்கூரமிட்ட எண்ணெய்க் கப்பல்கள்
தம் பெயரை மூன்று முறை சொல்லும்.
யாரோ பூனை போலக் கத்திவிட்டுச் சிரிப்பான்.
இன்னொருவன் இருமுவான், மன்னிப்புக் கேட்பான்.
துறைமுகத்துப் பெண்குரல் எல்லோருக்கும்
ஒரே பதில்தான் வைத்திருக்கும்: ஸ்டாண்ட்பை.
நான் எதையும் திருடவில்லை.
பக்கத்து கேம்ப்பின் தும்மலும்தான்
இந்தத் தகரத்தின் வழியே வருகிறது.

மார்ச்சில் ஒரு நாள், எழுபத்திரண்டில், தமிழ்.

"பெர்க்மான்ஸ் பேசுறேன்.
நம்ம ஆளு யாராவது இருக்கீங்களா?
ஓனர் கைவிட்டு நாலு மாசம்.
ஏசியில சொட்டுற தண்ணியப் பிடிச்சுக் குடிக்கிறோம்.
ஒம்போது பேரு.
ஓவர்."

ஓவர் என்றால்
இனி நீ பேசு என்று பொருள்.
விசை இருந்த ஓட்டையில்
விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் கேட்டது தண்ணீர்.
நான் கேட்டது அவர் கேட்டதை.
இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்திருக்கும் மொழியில்
எந்த வக்கீல் எனக்காக வாதாடுவான்?

விடிந்ததும் கடலோரக் காவலுக்குப் போன் செய்தேன்.
"உனக்கு யார் சொன்னது?"
"பெர்க்மான்ஸ், சார்."
"உன்னிடமா?"
"என்னிடம் இல்லை."
"பிறகு யாரிடம்?"
மறுமுனையில் பேனா மூடி கழலும் சத்தம்.
அதையும் கேட்டேன்.

என் பெயர், அட்டை எண், யார்டின் பெயர்.
எழுத்துக் கூட்டிச் சொன்னேன்,
கப்பல்கள் சொல்வதைப் போல
மூன்று முறை.

பெட்டி இப்போது அவர்கள் மேசையில்.
தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்,
அரபியில் இருந்தது, வாசிக்கத் தெரியவில்லை.
தண்ணீர்ப் படகு போனதா,
அதுவும் தெரியவில்லை.
தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது.

ஹம்மல் மட்டும் காலையில் கேட்டைத் திறந்ததும்
"இன்றைக்குக் காற்று எப்படி" என்று தொடங்கி
நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.