முப்பது அடி அகலம்

மில்வாக்கியின் தெற்கே ஒன்று,
முப்பது அடி அகலம்.
பக்கத்து வீட்டுச் சுவருக்கும் அதற்கும் நடுவே
ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கலாம்,
ஆள் பக்கவாட்டில்தான் போகலாம்.
பேக்கரிக்கு இருநூற்றுப் பதினோரு தப்படி. எண்ணினேன்.
பஸ் நிறுத்தத்துக்கு அதில் பாதி.

மற்றொன்று, நெடுஞ்சாலை ஏறி நாற்பது நிமிடம்.
அரை ஏக்கர். மூன்று மேப்பிள்.
புல் அப்படியே சரிந்துபோய்
யாருடையதென்று தெரியாத புல்லில் கலக்கிறது.
பால் தீர்ந்தாலும் கார் சாவியைத் தேட வேண்டும்.
தரகர் டார்லீன் கைகளை விரித்துச் சொன்னாள்:
"இங்கே கத்தினாலும் யாருக்கும் கேட்காது."
விற்பதற்காகச் சொன்ன வாக்கியம் அது.
எனக்கு முதுகு சில்லிட்டது.
வெண்டெல் சிரித்தான்,
அன்றைக்கு முதல்முறையாக.

சமையலறை மேஜையில் இரண்டு தாள்கள்.
ஒன்றின் மேல் நான் உப்புக்குப்பியை வைத்தேன்,
மற்றதன் மேல் அவன் முழங்கையை.
நாய் ஓடலாம் என்றான்.
நமக்கு நாய் இல்லை என்றேன்.
அங்கே போனால் இருக்கும் என்றான்.

பிறகு எழுந்து குழாயைத் திறந்துவிட்டு
அந்தச் சத்தத்துக்குள் சொன்னான்:
ரசீனில் அவன் வளர்ந்த வீடும் முப்பது அடிதான்.
அப்பாவின் பெல்ட் இறங்கும் இரவுகளில்
இரு பக்கத்து ஜன்னல்களிலும்
ரேடியோ ஒரு திருகு கூடும்.
மறுநாள் அதே கைகள்
வேலிக்கு மேலாக ஆப்பிள் நீட்டும்.
சுவருக்குக் காது உண்டு, ரெனாட்டா.
காதுக்குத்தான் கால் கிடையாது.

உப்புக்குப்பியை எடுத்துவிட்டேன்.
தள்ளிப் போவதே சரியென்று
இரண்டு நாள் முழுக்க நம்பினேன்.

வியாழன் இரவு, இந்த வாடகை வீட்டில்,
எங்களுக்கு மேல்மாடியில் கண்ணாடி உடைந்தது.
ஒரு பெண் குரல். அப்புறம் ஒன்றுமில்லை.
என்ன செய்யலாம் என்று நான் கேட்பதற்குள்
வெண்டெல் காலணிக்குள் இருந்தான்.
படிகள். கதவில் மூன்று தட்டு.
நெடுநேரம்.

திரும்பி வந்தான்,
கட்டைவிரலில் பிளாஸ்திரியோடு.
அலமாரியை நகர்த்தினாளாம், விளக்கு விழுந்ததாம்,
இவன் உட்கார்ந்து பொறுக்கிக் கொடுத்தானாம்.
பேர் கேட்டாயா?
யோலண்டா.
நான்கு வருஷமாக மேலே இருக்கிறாள்.

நாளைக்குள் படிவம் போக வேண்டும்.
முகவரிக் கட்டம் காலி.
படுக்கலாம் என்கிறேன்.
சரி என்கிறான்.
காலணி நாடாவை அவிழ்க்காமல்
கூரையைப் பார்த்தபடி
உட்கார்ந்திருக்கிறான்.