மேகத்துக்கு மாத வாடகை

பாலாற்றில் வெள்ளம் வந்த நவம்பரில்
மேல்விஷாரம் கம்பெனியில்
முதலில் மூழ்கியது சர்வர்.
தோலை வெயிலில் காயப்போட்டோம்.
பதினோரு வருஷக் கணக்கை
எந்த வெயிலில் காயப்போடுவது?

இப்போது எல்லாம் கிளவுடில்.
துபாய் ஏர்போர்ட்டில் நின்றபடி
எத்தனை ஜோடி அப்பர் தைத்தாயிற்று என்று
பார்க்கிறார் இர்ஃபானுல்லா பாய்.
காய்ச்சலில் படுத்திருந்த நானும்
போர்வைக்குள்ளிருந்தே சம்பளப் பட்டியல் போட்டேன்.
வசதி என்றுதான் சொல்ல வேண்டும்.

பில் டாலரில் வருகிறது.
ரூபாய் சறுக்கும் மாதங்களில்
ஒரு தையல்காரியின் சம்பளம் அளவுக்கு
ஏறிவிடுகிறது.
"பெய்யாத மேகத்துக்கு இவ்வளவா?" என்பார் பாய்,
கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

நேற்று பைபாஸ் ஓரம் பள்ளம் தோண்டியவர்கள்
கேபிளை அறுத்துவிட்டார்கள்.
சென்னை துறைமுகம் போகவேண்டிய கன்டெய்னர்
வாசலில் உறுமிக்கொண்டு நிற்க,
இன்வாய்ஸ் எங்கோ பத்திரமாக இருந்தது.
"எங்கேம்மா?" என்றார் டிரைவர் ஏகாம்பரம்.
அண்ணாந்து பார்த்தேன்.
பொட்டு மேகம் இல்லை.

மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி
செல்போனைத் தூக்கிப் பிடித்து
ஒற்றைக் கோடு சிக்னலில்
இறக்கினேன் மூன்று பக்கம்.
மூன்றாவது வந்து சேர்வதற்குள்
ஏகாம்பரம்
இரண்டாவது டீயும் முடித்திருந்தார்.