விரல் கணக்கு

முன்னும் பின்னும் எழுபது,
பக்கவாட்டில் ஐம்பது.
நூற்றுக்கு அத்தனை வெளிச்சமாவது
கண்ணாடியைத் தாண்டி உள்ளே போகவேண்டும்.
நாடுகாணி செக்போஸ்ட்டில்
முதல் நாள் எனக்குச் சொன்ன பாடம் இது.

அளக்க ஒரு கருவி கொடுத்திருந்தார்கள்.
ஜூன் மழையில் அதற்கு நீர் கோத்துக்கொண்டது.
பழுதுபார்க்கக் கூடலூர் போனது
இன்னும் மலை ஏறவில்லை.

எஸ்.ஐ. தேவசகாயம் நாகர்கோவில்காரர்.
கருவி இல்லாமல் சட்டம் நடத்தத் தெரிந்தவர்.
"கண்ணாடிய ஏத்தச் சொல்லு மக்ளே.
உள்ள இருந்து கையக் காட்டட்டும்.
வெளிய நின்னு விரல எண்ணு.
அஞ்சும் தெரிஞ்சா விடு.
தெரியலியா, எழுது."

எண்ணினேன்.
கே.எல்., கே.ஏ., டி.என். என
மூன்று மாநிலத்துக் கைகள்
நாளொன்றுக்கு இருநூறு.
மருதாணி காயாதது,
நேந்திரம் சிப்ஸ் எண்ணெயோடு ஒன்று,
விரலுக்கு விரல் கல் பதித்தது,
தூங்கும் குழந்தையின் கையைத்
தூக்கிப் பிடித்துக் காட்டிய ஒரு தகப்பனின் குறும்பு.

"மைசூர்ல ஒருத்தன் கேட்கலையே மேடம்."
"மலப்புறத்துல இதவிடக் கறுப்பா ஓடுதே."
ஓடட்டும்.
கம்பெனியிலிருந்தே கொஞ்சம் கறுத்து வந்தால் கண்ணாடி,
கடையில் தாள் ஒட்டிக் கறுத்தால் குற்றம்.
இதை நிறுத்தி நிதானமாக விளக்குவேன்.
பாதியில் எனக்கே
வாயோரம் சிரிப்பு முட்டும்.

உரித்த தாள்களை நாங்கள் எறிவதில்லை.
மேற்கு வெயில் அடிக்கிறதென்று
எங்கள் அறை ஜன்னலில் ஒட்டிவைத்திருக்கிறோம்.
உள்ளே யார், எத்தனை பேர்,
சாப்பிடுகிறோமா, தூங்குகிறோமா,
ரோட்டில் நிற்பவனுக்குத் தெரியாது.
"ரூமுக்கு ஏது மக்ளே வீல்?" என்றார் எஸ்.ஐ.

ஆடி பிறந்து நாலைந்து நாள்.
சாயங்காலம் நாலரை இருக்கும்.
நிலம்பூர்ப் பக்கமிருந்து மூடுபனி
நம்பர் பிளேட் இல்லாமல் ஏறி வந்தது.
அதன் வாலைப் பிடித்தபடி
ஒரு பழைய ஆல்டோ.

தட்டினேன். கை என்றேன்.
கை வந்தது.
மூன்று.
மழை என்று நினைத்துக்
கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தேன்.
மூன்று.
குடையைச் சாய்த்து
மூக்கு கண்ணாடியில் முட்டப் பார்த்தேன்.
மூன்றுதான்.

பெயர்?
சிவனு.
ஊர்?
தேவாலா.
குற்றம் என்ற இடத்தில்
'ஒளி ஊடுருவாத' என்று எழுதிக்கொண்டிருக்கும்போது
கண்ணாடி இறங்கியது.

இறங்கிய பிறகும்
மூன்று.

"ரோலர், மேடம்.
டீ ஃபேக்டரி, தொண்ணூத்தெட்டுல."
கையை அவர் இன்னும் கீழே இறக்கவில்லை.
"கண்ணாடில கோளாறு இல்ல.
நீங்க சரியாத்தான் எண்ணுனீங்க."

பின்னால் ஒரு திருச்சூர் வேன்
ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை.

கார்பன் தாள் அதற்குள்
அடியிலும் அந்தச் சொல்லைப் பதித்துவிட்டது.
கிழித்தால் கணக்கு உதைக்கும்.
குறுக்கே 'ரத்து' என்று எழுதினேன்.
காரணம் கேட்டு ஒரு சின்னக் கட்டம்.
'எண்ணிக்கை சரி' என்று எழுதினேன்.
ராத்திரி அதைப் படித்த தேவசகாயம்
கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி
மறுபடி படித்தார்.

போகும்போது சிவனு கையசைத்தார்.
பழக்கதோஷம்,
எண்ணினேன்.

அடுத்து அந்த வேன்.
முதலில் கண்ணாடியை இறக்கச் சொன்னேன்.
கையைப் பார்த்தேன்.
பிறகு ஏற்றச் சொன்னேன்.
அப்புறம்தான் எண்ணினேன்.

அன்றிலிருந்து
ஒரு வண்டிக்கு இரண்டு முறை கை.
ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை
ஒன்பதாம் வளைவுக்குக் கீழே போய்விடுகிறது.
கறுப்பு ஜன்னலுக்கு உள்ளே இருந்து
தேவசகாயம் ஏதோ கத்துகிறார்.
எனக்கு அவர் வாய் தெரிவதில்லை.