ஆண்டு மலருக்கு ஒரு பக்கம்

ஒரே பக்கம், படத்துக்கும் இடம் விட்டு எழுதுங்கள்
என்றார் தலைவர்.
நாற்பத்தாறு வருடம்.
பதினொரு குறிப்பேடுகளை வீட்டுக்குச் சுமந்து வந்தேன்,
லிஃப்ட் வேலை செய்யவில்லை.

முதல் ஏட்டின் முதல் வரி:
'பூட்டு ஒன்று, அறுநூறு ஃபில்ஸ்.'
ஃபஹாஹீலில், ஒரு லாண்டரிக்கு மேலே,
இஸ்திரிச் சூடு தரைவழியே ஏறிவரும் அறையில்
ஏழு பேர் ஆளுக்கு அரை தினார் போட்டிருக்கிறார்கள்.
பூட்டு போக மிச்சம் இரண்டு தினார் தொள்ளாயிரம்.
அதை வைத்தது பால்பவுடர் டப்பாவில்.
டப்பாவில் எப்படிப் பூட்டை மாட்டினார்கள் என்று
எவரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த மூன்று கூட்டமும் பெயர் வைக்க.
கழகம் என்றால் கட்சி வாடை என்கிறார் சவரிராயன்.
மன்றம் என்றால் எந்த நடிகருக்கு என்கிறார் நூருல் அமீன்.
கடைசியில் 'உதவும் கை'.
ஒரு கைதானா என்று
ஒரு மறுப்பும் பதிவாகியிருக்கிறது.
மூன்றாம் கூட்டத்தின் ஓரத்தில், பென்சிலில்:
'வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒருவர்.
டிக்கெட் விஷயம். நேரமின்மையால் அடுத்த வாரம்.'
அடுத்த வாரத்தில் அவர் இல்லை.
பெயரும் இல்லை.

தொண்ணூறு, ஆகஸ்ட்: வெள்ளைத் தாள்.
அதற்குள் செருகியிருப்பது
மாவுச் சாக்கிலிருந்து கிழித்த காகிதம்,
பொருளாளர் வேலாயுதப்பெருமாளின் பொடி எழுத்து.
பஸ்ரா வரை லாரி வாடகை.
எல்லைக் கூடாரத்தில் தண்ணீர்.
ரொட்டி, நாற்பத்தொரு பேர்.
ரொட்டி, முப்பத்தொன்பது பேர் (இருவருக்கு வயிறு சரியில்லை).
இருநூற்றுப் பதினான்கு தினாரும் கரைந்து
அம்மானில் பூஜ்யம்.
மறு வருடம் திரும்பி வந்து கணக்கு வாசித்திருக்கிறார்.
கால் தினார் இடித்தது.
சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்து
ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார்.
அன்றைய குறிப்பின் தலைப்பில்:
'பகல் மூன்று மணி. எண்ணெய்ப் புகை. விளக்கேற்றிக் கூட்டம்.'

பிலோமினா வந்தது ரத்தம் கொடுக்க.
படிவத்தில் 'திரு' மட்டும்தான் அச்சு.
திரு பிலோமினா என்று நிரப்பியிருந்த செயலாளரின் எழுத்துக்கு மேல்
பச்சை மையில் ஒரு 'மதி',
தாள் கிழியும் அழுத்தத்தில்.
அதுவரை பதினெட்டு வருடம்
பெண்கள் யாரும் அந்தப் படி ஏறியதில்லை,
ஏறியிருந்தால் சமோசாத் தட்டோடு.

இரண்டாயிரத்து மூன்றில் பிளவு.
ஏட்டில் 'கருத்து வேறுபாடு'.
கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்,
பிரியாணி உட்பட.
கேரம் பலகை இங்கே, ஸ்டிரைக்கர் அங்கே.
ஒன்றரை வருடம் நூறு ஃபில்ஸ் காசைச் சுண்டி ஆடியிருக்கிறார்கள்.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை
மங்காஃப் திருப்பத்தில் வண்டி மோதிப்போன பையனுக்கு,
சவக்கிடங்கு வாசலில் கையெழுத்துப் போட
இரண்டு தலைவர்களும் வந்திருந்தார்கள்.
பேனா ஒன்றுதான் இருந்தது.
அடுத்த கூட்டத்தில், பலகையின் மேல்,
தினத்தாளில் பொதிந்து, ஸ்டிரைக்கர்.
இது எந்த ஏட்டிலும் கிடையாது.
யார் வைத்தது என்று விசாரிக்க வேண்டாமென
ஒரு தீர்மானம்கூடப் போடவில்லை.

'சீரும் சிறப்புமாக' என்று தொடங்கி
அடித்துவிட்டேன்.

இன்று செயற்குழு. பொருள்: மலரின் அட்டை.
நீலம் பாஸ்போர்ட் மாதிரி இருக்கும் என்கிறார் ஒருவர்.
மெரூன் என்றால் கல்யாணப் பத்திரிகை.
ஏசி இரைச்சலுக்கு மேலே எல்லோரும் பேசுகிறார்கள்.
கண்ணாடிக் கதவுக்கு அப்பால், செருப்பு அலமாரியை ஒட்டி,
கம்பெனிச் சீருடையில் ஓர் ஆள்,
மடித்த கவரைத் தொடையில் தட்டியபடி.

எழுதுகிறேன்:
இரவு ஒன்பது நாற்பது. அட்டை நிறம் முடிவாகவில்லை.
வெளியே ஒருவர்.
பெயர்:

கேட்க எழுந்தேன்.
நாற்காலி கிரீச்சிட்டதில் பேச்சு ஒரு நொடி அறுந்தது.
கதவைத் திறக்கும்போது முதுகுக்குப் பின்னால்
நீலம் என்று யாரோ முடித்துவிட்டார்கள்.