அளவீட்டுப் பிழை

மைனஸ் நாற்பத்தொன்று. பள்ளிப் பேருந்து ஓடாது
என்று காலை ஆறு மணிக்கே செய்தி வந்துவிட்டது.
எட்டு மணிக்கு என் சமையலறை
என்னுடையதாக இல்லை.

குக்கரில் தண்ணீர். மாவு வாளியில் தண்ணீர்.
தாளிக்கும் கரண்டி வரைக்கும் கணக்கெடுக்கப்பட்டு
மேசையில் கிடந்தது.
ஐந்து வயது அகரன் ஸ்டூலின்மேல் நின்று
எதையும் போடுமுன் தீர்ப்புச் சொன்னான்:
மிதக்கும். முங்கும். மிதக்கும்.
பதினொரு வயது வெயினி
கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆரஞ்சு மிதந்தது.
தோலுரித்த ஆரஞ்சு அடியில் போய் உட்கார்ந்தது.
"சட்டையக் கழட்டினா எதுக்கு முங்குது?"
தோலுக்குள்ள காத்து இருக்குடா,
அதோட லைஃப் ஜாக்கெட் அது என்றாள்.
அவன் நம்பவில்லை. எடுத்துத் தின்று பார்த்தான்.

ஒற்றைத் திராட்சை முங்கியது.
மூன்று கிலோ பூசணி
குளியல் தொட்டியில் தோணி மாதிரி நின்றது.
நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சிரித்தேன்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு,
தண்ணீரில் அதற்கும் வழியில்லை போல.

"எவ்வளவு பெரிசுங்கறது இல்லம்மா,
எவ்வளவு நெருக்கமா அடைஞ்சிருக்குங்கறதுதான்.
அதுக்குத் தமிழ்ல என்ன?"
அடர்த்தி என்றேன்.
காட்டுக்குச் சொல்வோம், கூந்தலுக்குச் சொல்வோம்.
அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.
பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.
"தங்கத்துக்குப் பத்தொன்பது. உன் சங்கிலியக் குடு."

லாரி கிளம்பாமல் வீட்டிலிருந்த அவள் அப்பா
டீயை வைத்துவிட்டுச் சொன்னார்:
"அஞ்சு பவுன். கல்யாணத்துக்குப் போட்டது.
இருபத்திரண்டு காரட், பதினேழரைக்கு மேல வரும் பாரு."

ஈரக் கையால் கழற்றினேன்.

சமையல் தராசு இருபத்தொரு கிராம் காட்டியது.
குழாயில் ஐம்பதில் நின்ற தண்ணீர்
ஐம்பத்திரண்டரைக்கு ஏறியது.
அவள் வகுத்தாள்.
சங்கிலியைத் துண்டில் துடைத்தாள்.
மறுபடி போட்டாள். மறுபடி வகுத்தாள்.
மூன்றாம் முறை மிக மெதுவாக,
குமிழி ஒன்றும் ஒட்டாமல், நூலில் கட்டி இறக்கினாள்.
எட்டு புள்ளி நான்கு.
அவளுடைய பட்டியலில் அந்த இடத்தில்
பித்தளை இருந்தது.

இரண்டு பிப்ரவரிக்கு முன்னால்
அவர் பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து
ஐந்து மாதம் லாரி நின்றது.
காப்பீட்டுப் பணம் வந்துவிட்டது என்று சொன்னேன்.
போர்டேஜ் அவென்யூ கடைக்காரன் தண்ணீரில் முக்கவில்லை,
கல்லில் ஒரே ஓர் உரசல்,
எண்ணிக் கொடுத்துவிட்டான்.
அதே பின்னலில் இன்னொன்றை
சென்னையிலிருந்து வந்த தோழி பெட்டிக்குள் கொண்டுவந்தாள்.
அதற்குப் பிறகு நான் கழற்றியதே இல்லை,
இன்றைக்கு வரை.

வெயினி என்னைப் பார்த்தாள்.
கேட்கும் பார்வை இல்லை.
தராசில் ஒரு முள் ஆடி ஆடி
நிலைக்கு வருமே, அந்த மாதிரி.

"எவ்வளவு வந்துச்சு?"

ரப்பர் எடுத்தாள். தேய்த்தாள். தூளை ஊதினாள்.
"குழாய் சரியில்லப்பா. அளவீட்டுப் பிழை."

"தங்கத்தை அளக்க இந்த பிளாஸ்டிக் ஆகுமா" என்று
கோட்டை மாட்டிக்கொண்டு
எஞ்சினைப் பார்க்கப் போனார்.
போகும்போது தராசின் பக்கம் திரும்பவே இல்லை.
எண் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
அதையும் நான் கவனித்தேன்.

சங்கிலியை அவளே மாட்டிவிட்டாள்.
விரல்கள் சில்லென்றிருந்தன, கொக்கி இருமுறை நழுவியது.
"ஐஸ் ஏன் முங்கல?" என்றான் அகரன்,
யாரும் பதில் சொல்லாததால்
டம்ளரில் முட்டையைப் போட்டு
உப்பைக் கொட்ட ஆரம்பித்தான்.
ஒரு கரண்டி, நாலு கரண்டி,
முட்டை அடியைவிட்டு லேசாக எழும்பி
நடுத் தண்ணீரில் நின்றது.
இன்னொரு டம்ளர், இன்னொரு முட்டை.
டப்பா காலியாகும் வரைக்கும் அவனை விட்டுவிட்டோம்.

மத்தியானக் குழம்பில் உப்பில்லை.
நான்கு பேரும் சாப்பிட்டோம்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.