அறுபத்தாறு அங்குலம்

பழைய பக்கெட் ஐம்பத்துநாலு அங்குலம்.
டயர்களின் தடமோ அதைவிட அகலம்.
பனியை வழித்துக்கொண்டு போனால்
இரண்டு ஓரமும் மிச்சம்;
அந்த மிச்சத்தின் மேல் தானே ஏறி
தானே சறுக்கும் டிராக்டர்.
வெர்மான்ட்டில் ஏப்ரல் வரை இந்தக் கூத்து.

கடைக்கார ஹாலிஸ் கேட்டார்:
"பனியா, ஜல்லியா?"
"ரெண்டும்தான்," என்றாள் டெல்ஃபின்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்:
"பனி மன்னிக்கும்.
ஈர எரு மன்னிக்காது."

அகலக்கால்தான். தெரிந்தே வைத்தாள்.
முதல் நாளே
கொட்டகை நிலையில் ஒரு கீறல்.

மே மாதம்
விளிம்பு தளும்ப எரு அள்ளித் தூக்கினாள்.
முன்டயர்கள் பிதுங்கின.
இருக்கைக்குப் பின்னால் ஏதோ
லேசாகிப்போன உணர்வு.
திரும்பிப் பார்த்தால்
பின்சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே
ஒரு விரற்கடை வெளிச்சம்.

நெம்புகோலை மெல்லத் தாழ்த்தி
பாதியைக் கொட்டினாள்.
வயிறு மட்டும் இன்னும் இறங்கவில்லை.

சனிக்கிழமை பின்பாரத்துக்கென்று
பீப்பாயில் கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தபோது
அடுத்த தோட்டத்து ரூஃபஸ்
வேலிமேல் சாய்ந்து கேட்டான்:
"பாதிதான் அள்ளுவாய் என்றால்
சின்னதே போதாதா?"

கரண்டியைத் தட்டிச் சுத்தம்செய்தாள்.
"டிசம்பரில் வந்து கேள்."