நூற்றுக்கு இரண்டு

காந்தி ரோட்டில் லாட்ஜுக்குக் கீழே
ஆறடிக்கு நாலடி என் கடை.
பலகையில் தமிழைவிட வங்காளம் பெரிசு.

தொஃபஸ்ஸல், பாப்னாவில் வெங்காயம் போடுகிறவர்,
மனைவியின் இதய வால்வுக்காக வந்தவர்,
டாகா நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணினார்.
"ஐரோப்பாவில் எல்லாருக்கும் ஒரே காசாமே,
விசா வரிசைகூட இல்லையாமே.
இங்கேயும் அப்படியென்றால்
போன மழைக்கே இவளைக் கூட்டிவந்திருப்பேன்."

நான் வாய் திறக்குமுன் அவரே:
"ஆனால் நாசிக் வெங்காயம் தடையில்லாமல் வந்து இறங்கினால்
என் அரை ஏக்கரை யார் சீண்டுவார்கள்?
நீங்கள் ஏற்றுமதியை நிறுத்திய வருஷம்தான்
வீட்டுக்குத் தகரம் போட்டேன்."

அந்த வருஷம் எங்கள் சாம்பாரில்
முள்ளங்கி மட்டும் மிதந்தது.

கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டில்
இப்போது லாரிகள் நிற்பதில்லை.
மைத்துனன் ஏகாம்பரத்தின் டீக்கடையும் நிற்கவில்லை.
சித்தூர்த் தக்காளி வாடாமல் வருகிறது.
பாலாற்றுத் தண்ணீர்தான்
இன்னும் எதற்கோ அங்கேயே காத்திருக்கிறது.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு லிரா நோட்டு,
இத்தாலிக்குத் தோல் அனுப்பிய
ராணிப்பேட்டைக்காரர் விட்டுப்போனது.
அதை மாற்றிக் கொடுத்துப் பிழைத்தவன்
எந்த ஊரில் இப்போது என்ன விற்கிறானோ.

"சரி, இன்றைக்கு ரேட் என்ன?" என்றார்.
சொன்னேன்.
நூற்றுக்கு இரண்டு பிடித்துக்கொண்டு
மீதியை நீட்டிய பிறகுதான் கேட்டேன்,
வால்வு எவ்வளவு ஆகுமென்று.